மேடைக்கு எதிரே இருந்தவர்கள்

திருக்குறளின் அமைச்சியல் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களோடு முடிகிறது. 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. எதிரே இருப்பவர் யாரென்று தெரிந்து பேசு என்கிறது முதலாவது. தெரிந்த பிறகு அஞ்சாமல் பேசு என்கிறது அடுத்தது. வரிசையைக் கவனிக்க வேண்டும். துணிச்சலுக்கு முன்னால் கேட்பவரைப் பற்றிய அறிவை வைத்திருக்கிறார் வள்ளுவர்.

ஆனால் அந்த அவைக்குள் எல்லாருக்கும் இடமில்லை. ஒளி மிக்கவர் முன்னால் ஒளியோடு இரு, மற்றவர் முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு போல இருந்துவிடு என்பது அவர் சொல்லும் வழி. தகுதியில்லாத கூட்டத்தில் பேசுவதை, அழுக்கு முற்றத்தில் அமுதத்தைக் கொட்டுவதற்கு ஒப்பிடுகிறார். அமைச்சனுக்குச் சொன்ன அறிவுரை அது. அரசவையில் அமர்பவர் யாரென்று முன்பே முடிவாகியிருந்த காலம். வாசலுக்கு வெளியே நின்றவருக்கு எப்படிப் பேசுவது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அந்தக் கேள்வி எழுந்த பிறகுதான் இன்று நாம் அறிந்திருக்கும் மேடைத் தமிழ் பிறந்தது. அதன் வரலாற்றைப் பேச்சாளர்களின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நாவலர், நாவுக்கரசர், சொல்லின் செல்வர் என்று பட்டங்களை அடுக்குகிறோம். என் பார்வையில் அது கேட்டவர்களின் வரலாறு. எதிரே புதிதாக ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் பேசுபவரின் நாக்கு மாறியிருக்கிறது.

அதற்கு முன்பு கேட்பவருக்கு ஏற்பப் பேசும் கலை தமிழில் இல்லாமல் போகவில்லை. தெருக்கூத்தில் ராஜா வந்து விருத்தம் பாடிவிட்டு நிற்பார். திரைக்கு முன்னால் நிற்கும் கட்டியங்காரன் அதை ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்வான். ராஜாவைக் கேள்வி கேட்பான், உள்ளூர்ச் சங்கதியைக் கலப்பான், முன்வரிசைக் கிழவியோடு வம்பளப்பான். விருத்தம் புரியாதவரும் விடியவிடிய உட்கார்ந்திருந்தது அவனால்தான். கோயில்களில் புராணபடனம் நடந்தது. ஒருவர் செய்யுளைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். இலக்கணக்காரரும் இதை அறிந்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், பாடம் சொல்பவன் மாணவனின் கொள்ளளவை அறிந்து சொல்ல வேண்டும் என்கிறது. மாணவர்களை அன்னம், ஆடு, எருமை என்றெல்லாம் தரம் பிரிக்கவும் செய்கிறது. ஆனால் முன்பின் அறியாத ஒரு கூட்டத்தைப் பார்த்து, ‘நீங்கள் எல்லாரும்’ என்று ஒருவர் எழுந்து பேசுவது இவை எதிலும் அடங்காது.

அதைத் தொடங்கிவைத்தவர்கள் கிறித்தவப் போதகர்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் தமிழ் கற்றார்கள். யார் நின்று கேட்டாலும் போதித்தார்கள். எழுத்தறியாதவர், பெண்கள், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் எல்லாரும் அந்தப் பேச்சுக்கு உரியவர்களாக எண்ணப்பட்டார்கள். பண்டிதர்கள் அதைப் பாதிரித் தமிழ் என்று சிரித்தார்கள். சிரிக்க இடமும் இருந்தது. ஆனால் அது யாருடைய காதைக் குறிவைத்தது என்பதைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அப்படிப் பார்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர்.

நாவலர் வெசுலியன் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பிரசங்கம் எப்படிச் செயல்படுகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். குறித்த கிழமை, குறித்த நேரம், ஒரு பொருள், ஒரே ஆள் பேச்சு, நடுவில் செய்யுள் வந்தாலும் உரைநடைதான் முதுகெலும்பு. இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, 1847 டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு வெள்ளிதோறும் பேச்சு. செய்யுளாக இருந்த பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டதும் அந்தப் பிரசங்கத்தின் நீட்சிதான். கேட்க வந்தவருக்குச் செய்யுள் எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. மரபிலே ஊறிய ஒருவர் அந்த முடிவுக்கு வருவது எளிதல்ல.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோயில் வாசல் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. நாவலர் போதகர்களின் முறையை எடுத்துக்கொண்டார். அவர்களுடைய கூட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உதவிய விவிலியம் 1850இல் அச்சானபோது வேறொரு பாடம் கிடைத்தது. புலமையில் அது உயர்ந்தது. ஆனாலும் தென்னிந்தியச் சபைகளில் பல அதை ஏற்க மறுத்து, காதுக்குப் பழகியிருந்த, போதகர் பப்ரீசியசின் பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொண்டன. பிடிக்காத தமிழைத் திருப்பி அனுப்பும் உரிமை கேட்பவருக்கு உண்டு என்பதைச் சபையினர் காட்டினார்கள்.

அரசியல் மேடையில் கேட்பவரின் மொழி ஏற இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1887இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, மேடை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே உரியதாக இருந்தது. காங்கிரஸ்காரரான வீரராகவாச்சாரியார் கேள்வி பதில் வடிவில் காங்கிரசை விளக்கித் தமிழில் ஒரு சிறுநூல் எழுதினார். மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேரில் நின்று சொல்லலாம் என்று தோன்றவில்லை. 1907 மே மாதம் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். கூட்டம் அலைமோதியது. பேச்சு ஆங்கிலம்.

ஓராண்டு கழியுமுன் தூத்துக்குடியில் நிலைமை தலைகீழானது. வ.உ.சிதம்பரம் பிள்ளை வக்கீல். வழக்காடுமன்றத்து மொழியில் பழகியவர். சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டிலிருந்து வந்த துறவுக் கோலத்து இளைஞர். 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இவர்கள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் மாலைதோறும் பேசியது கோரல் மில் தொழிலாளிக்கு, சுமை தூக்குபவருக்கு, கடைக்காரருக்கு. பிப்ரவரி இறுதியில் மில்லில் வேலைநிறுத்தம் வெடித்தது. சில நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், குற்றம் என்ன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பேசியதுதான் குற்றம். ஆங்கிலத்தில் எத்தனையோ மண்டபங்களில் கடுமையாகப் பேசியவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். தமிழில், கூலியாளின் காதில் விழும்படி பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். எதிரே இருந்த கூட்டம் எது என்பதை அரசாங்கம் நன்றாகவே கணக்கெடுத்திருந்தது.

அந்தக் கூட்டங்களில் போலீசின் ஆட்களும் இருந்தார்கள், குறிப்பெடுத்துக்கொண்டு. பேச்சாளர்களுக்கும் அது தெரியும். நியூசிலாந்து மொழியியலாளர் ஆலன் பெல் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த நிலைமைக்கு ஒரு வரைபடம் உண்டு. யாரை நோக்கிப் பேசுகிறோமோ அவர் நடுவில். உடன் இருப்பதாக நாம் ஏற்றுக்கொண்டவர் அடுத்த வட்டம். இருப்பது தெரிந்தும் சேர்த்துக்கொள்ளாதவர் அதற்கும் வெளியே. இருப்பதே தெரியாமல் ஒட்டுக்கேட்பவர் கடைசி. நடுவில் இருப்பவர்தான் பேச்சை அதிகம் வளைக்கிறார், வெளியே போகப்போக அந்த இழுப்பு குறைகிறது என்றார் பெல். அவர் இந்த முடிவுக்கு வந்த வழி அழகானது. வெலிங்டனில் ஒரே கட்டிடத்திலிருந்து இரண்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பாயின. செய்தி வாசித்தவர்கள் அதே ஆட்கள், செய்தியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் தேசிய நிலையத்தில் வாசிக்கும்போது ஒரு எழுத்தை அழுத்தமாக உச்சரித்தவர்கள், உள்ளூர் நிலையத்தில் வாசிக்கும்போது அதைத் தளர்த்தி உச்சரித்தார்கள். கேட்பவர் ஒருவரையும் கண்ணால் காணாமலே அவர்களுக்காக நாக்கு வளைந்தது.

கண்ணால் கண்ட கூட்டம் எவ்வளவு வளைத்திருக்கும் என்பதற்குப் பெரம்பூர் சாட்சி. பக்கிங்காம், கர்னாட்டிக் மில் தொழிலாளிகள் மாலையில் வந்து உட்காரும் பக்திச் சபை ஒன்று அங்கே இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதை நடத்திவந்தார்கள். திரு.வி.க. அங்கே சமயச் சொற்பொழிவு செய்திருக்கிறார். தமிழாசிரியர், 1917இல் ஆசிரியப் பணியை விட்டு ‘தேசபக்தன்’ நாளிதழுக்கு வந்தவர். எதிரே இருப்பவர்கள் பகலெல்லாம் தறியோசையில் நின்றவர்கள், நடுப்பகல் உணவுக்குப் போதிய நேரம்கூடக் கிடைக்காதவர்கள். அவர்களிடம் பெரியபுராணத்தை மட்டும் எத்தனை நாள் சொல்வது? பேச்சு மெல்ல மெல்ல மில்லுக்குள் போனது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா பம்பாய்ப் பார்சி, தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலப் பேச்சு வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கப்பட்டது. சங்கத்தின் கூட்டங்களில் திரு.வி.க. தொடர்ந்து பேசினார். அவருடைய பிற்கால உரைநடையில் காணும் குறுவாக்கியங்கள், கேள்விகள், மீண்டும் மீண்டும் வரும் விளிகள் எல்லாம் காகிதத்தில் பிறந்தவை அல்ல என்றே நம்புகிறேன். பெரம்பூர்த் தொழிலாளி அவற்றைக் கேட்டு வாங்கினான்.

பெரியாரிடம் வரும்போது இந்த வரலாறு உச்சியைத் தொடுகிறது. வீட்டு மொழி கன்னடம், பள்ளிப்படிப்பு சொற்பம், தொழில் ஈரோட்டுக் கடைவீதி வாணிபம். மண்டியில் சரக்கை முன்னால் வைத்துப் பேரம் பேசுபவரின் மொழியைத் துளியும் மாற்றாமல் மேடைக்குக் கொண்டுவந்தார். எதுகை கிடையாது, மோனை கிடையாது, மேற்கோளுக்காக மேற்கோள் கிடையாது. மணிக்கணக்கில் பேசுவார், ஆனால் ஒருவர் தோளைத் தொட்டு நிறுத்தி வழக்குப் பேசுவது போலவே கடைசிவரை போகும். ஒன்றுமில்லாததை ‘வெங்காயம்’ என்று தள்ளிவிடுவார். எந்த வீட்டிலும் யாரும் சொல்லக்கூடிய சொல் அது. தான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் புத்தியில் போட்டுப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நிபந்தனையை வைப்பவர் கேட்பவருக்கு விளங்காத மொழியில் பேசிவிட முடியாது. விளங்கினால்தானே மறுக்க முடியும்! 1935இல் ‘குடி அரசு’ இதழில் ணை, லை போன்ற எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட்டதும் இதே கணக்குத்தான். புதிதாகப் படிக்க வருபவனுக்கு எழுத்து தடையாக நிற்கக் கூடாது. அரசாங்கம் அதை ஏற்க 1978 ஆனது. 1973 டிசம்பர் 19ஆம் நாள் தியாகராய நகரில் அவர் கடைசியாகப் பேசினார். வயது 94. அன்றும் அதே மொழி.

அண்ணா தம் தலைவரின் வழியில் போகவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் சிந்திக்க வைக்கும் இடம். வினைமுற்றுகளை எழுத்து நடையில் நிறுத்திச் சொன்னார். அடுக்கினார், எதுகையும் மோனையும் சேர்த்தார், வாக்கியத்தை வளர்த்துக்கொண்டே போய் எதிர்பாராத இடத்தில் முடித்தார். வீட்டில் யாரும் பேசாத தமிழ். ‘கூட்டத்துக்கு ஏற்பப் பேசுவது’ என்றால் கூட்டத்தின் பேச்சு வழக்குக்கு இறங்குவது என்று நினைப்பவர்கள் இதை விளக்க முடியாமல் திணறுவார்கள். மில் தொழிலாளி, முடிதிருத்துபவர், தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் பையன் என்று பல மைல் நடந்து வந்து நள்ளிரவுவரை காத்திருந்து கேட்டார்கள். படிப்பகத்தில் ஒருவர் இதழை உரக்கப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்டிதர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி வராத மொழி அது. அதைத் தங்களை நோக்கி, தங்களுக்காக ஒருவர் பேசுகிறார் என்பதே அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. பெரியார் கேட்பவரின் காது இருக்கும் இடத்துக்குப் போனார். அது போக விரும்பிய இடத்தில் நின்று அழைத்தார் அண்ணா. இருவருமே எதிரே இருந்தவரை அளந்து பேசியவர்கள்தான். அதே அண்ணா 1943இல் சட்டக் கல்லூரியில் ரா.பி.சேதுப்பிள்ளையோடு கம்பராமாயணத்தைப் பற்றி வாதாடியபோது நூலாதாரங்களோடு பேசினார். 1962இல் மாநிலங்களவையில் எழுந்தபோது நிதானமான ஆங்கிலத்தில் பேசினார்.

காமராசர் இரண்டு பக்கமும் சேராதவர். அவருடைய ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லை மக்கள் ஒரு முழுப் பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு போதும் அவருக்கு. வாரியார் சுவாமிகள் முன்வரிசைச் சிறுவர்களைக் கேள்வி கேட்டபடியே கந்தபுராணம் சொன்னார். சிறுவனுக்காகச் சொன்னது பின்வரிசைக்காரருக்கும் விளங்கியது.

அண்ணாவுக்குப் பின் வந்தவர்களில் பலர் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டு, அது எதற்காக வந்தது என்பதை விட்டுவிட்டார்கள். கைதட்டு விழும் இடம் தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதே பேச்சாகிவிடுகிறது. கேட்பவரை மகிழ்விப்பதும் கேட்பவரை மதிப்பதும் ஒன்றல்ல. இன்று நிலைமை இன்னும் கடுமை. அன்று தூத்துக்குடியில் குறிப்பெடுத்த போலீஸ்காரரின் இடத்தில் இப்போது கூட்டத்தின் ஒவ்வொரு கையிலும் கைபேசி இருக்கிறது. அரை நிமிடத் துண்டாக வெட்டப்பட்டுப் பேச்சு எங்கெங்கோ போகிறது. பெல் சொன்ன கடைசி வட்டம் நடுவுக்கு வந்துவிட்டது. மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பேசும் தலைவர்கள் குறைந்து, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதரவாளருக்குப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எதிரே இருப்பவர் வெறும் பின்னணி. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஏனென்றால், எதிரே இருக்கும் முகம் சுளிப்பதைப் பார்த்து வாக்கியத்தைத் திருத்திக்கொண்ட பேச்சாளர்களால்தான் நம் பொதுமொழி உருவானது.

மேடையாவது பரவாயில்லை. மேடையைவிட அதிகமாக மக்கள் வாழ்வைத் தொடும் இடம் அரசு அலுவலகம். அங்கே இந்த வரலாறு இன்னும் தொடங்கவே இல்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. தமிழ் கோப்புக்குள் நுழைந்தது. ஆனால் எப்படிப்பட்ட தமிழ்? வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்த ஒரு பெண்ணுக்கு வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: ‘பார்வையில் காணும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டதில், மேற்படி புல எண் அரசுப் புறம்போக்கு எனப் பதிவேடுகளில் தாக்கலாகியுள்ளமையால், தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல எனத் தெரிவிக்கப்படுகிறது.’ அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவர், அதே கடிதத்தைத் தட்டச்சு செய்தவராகக்கூட இருக்கலாம், நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார்: ‘அது புறம்போக்கும்மா. அதான் தர முடியாதுன்னு போட்டிருக்கு. வேணும்னா ஆர்.டி.ஓ.கிட்ட ஒரு மனு போட்டுப் பாருங்க.’

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வாயால் சொன்னதில் காரணம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, அடுத்து எங்கே போகலாம் என்ற வழியும் இருக்கிறது. கடிதத்தில் அந்த வழி இல்லை. அந்த ஊழியருக்கு மக்கள் மொழி தெரியாமல் இல்லை. முகத்தைப் பார்த்ததும் தானாக வருகிறது. கடிதம் எழுதும்போது அவர் மனத்தில் இருப்பவர் மனுதாரர் அல்ல. நாளைக்குக் கோப்பைப் புரட்டும் மேலதிகாரியும் தணிக்கைக்காரரும்தான். முகவரி அந்தப் பெண்ணுடையது, பேச்சு வேறொருவருக்கு. நீதிமன்றத்தில் தன் வழக்கு நடக்கும்போது தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதைப் பெயர் காதில் விழுவதால் மட்டுமே தெரிந்துகொள்ளும் விவசாயியின் நிலையும் இதுவே. உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலமாக இருப்பதற்கு அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு காரணம் என்று சொல்லலாம். தீர்ப்பின் சாரத்தை வாசலில் நின்று கட்சிக்காரருக்கு அவர் மொழியில் சொல்ல எந்தப் பிரிவும் தடையில்லை. அதைச் செய்யும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி ஊர் போகிறது.

தமிழகத்தின் ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சட்டப்படி ஊரின் வாக்காளர் அனைவரும் அதில் உறுப்பினர்கள். ‘அவை’ என்று சொல்லத்தக்க கூட்டங்களில் இதைவிடப் பெரிய உரிமை கொண்டது நம்மிடம் இல்லை. அங்கே தீர்மானங்கள் எழுத்துத் தமிழில் விரைவாக வாசிக்கப்படுகின்றன. நோட்டுப் புத்தகம் கைமாறி வருகிறது. மக்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கிறார்கள். ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் நோட்டை மூடி வையுங்கள். இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு பணம், யார் தெருவுக்கு, எப்போது முடியும் என்று ஊர்ப் பேச்சில் ஒரு முறை சொல்லுங்கள். யாருக்காவது விளங்கவில்லையா என்று கேளுங்கள். விளங்கிய பிறகு நோட்டை நீட்டுங்கள். கூடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விளங்காத தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.